துண்டுக்கு அடியில் கல்விக் கடன்

திருவள்ளூர் கோர்ட் வளாகத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கல்யாணப் பந்தல் மாதிரியே இருந்தது. வாழை மரம் மட்டும் இல்லை.

அன்றைக்கு மக்கள் நீதிமன்றம். மேசை மேசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஜட்ஜ். விபத்துக் கேஸ் ஒரு பக்கம். புருஷன் பெண்டாட்டி கேஸ் ஒரு பக்கம். பேங்க் கடன் கடைசி வரிசை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெரிய ஃபேன்கள் சூட்டை இங்கிருந்து எடுத்து அங்கே தள்ளின. வியர்வையும் பவுடரும் கலந்த வாசனை. எனக்குச் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. உடம்பு தானாக நிமிர்ந்தது.

நான் மாட்டுத் தரகன். இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு இது போதும்.

பக்கத்தில் என் மகள் மேகலா. துப்பட்டா நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

“நைனா, நீ ஒண்ணும் பேசாத. நான் பேசிக்கிறேன்.”

“நான் எப்ப பேசினேன்?”

“அதுவும் சரிதான்.”

அவள் படிப்புக் கடன்தான் விஷயம். எம்.எஸ்.டபிள்யூ. படிக்க மூன்று லட்சம் வாங்கினாள். வட்டி ஏறி ஐந்தைத் தாண்டிவிட்டது. வரும்போதே பஸ்ஸில் கணக்கைச் சொல்லிவிட்டாள். சீட்டுப் பணமும் கழுத்துச் செயினும் சேர்ந்தால் இரண்டு லட்சம். அதற்குள் பேங்க் முடித்துக்கொண்டால், செங்கல் சூளைப் பிள்ளைகளோடு பார்க்கிற வேலையிலேயே இருப்பாள். அதற்கு மேலே போனால், திங்கட்கிழமை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிடுவாள். அங்கே ஆபீஸ் வேலை காத்திருந்தது.

நான் கம்பெனி பக்கம். அதை அவளிடம் மறைக்கவில்லை.

மச்சானின் விசில்

எங்கள் ஊர் எளாவூரிலிருந்து கொஞ்சம் உள்ளே. செக்போஸ்ட்டில் நிற்கிற லாரிகளின் ஹாரன் வீடு வரை கேட்கும். கொஞ்சம் நெல் நிலம் உண்டு. அது சோற்றுக்கு. மற்றதெல்லாம் தரகு.

மேகலா பி.ஏ. முடித்தாள். மேலே என்ன என்று கேட்டேன். சோசியல் ஒர்க் என்றாள்.

என் பெண்டாட்டி மல்லிகா மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கையை மாவிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். “இன்னாடி அது? எலக்சன்ல நிக்கிறவன் போஸ்டர்ல போட்டுக்குவானே, அதுவா? அத்த படிக்க வேற செய்யணுமா?”

“படிக்கணும்மா. ரெண்டு வருசம்.”

“அவன் படிக்காமதானே போட்டுக்கிறான்?”

மேகலா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் அந்தப் படிப்பு புரியவில்லை. மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பேன். சுழி பார்ப்பேன். நடக்கவிட்டுப் பார்ப்பேன். படிப்புக்கு எதைப் பார்ப்பது? அவள் முகத்தைப் பார்த்தேன். பேங்க்கில் போய் அவளோடு நானும் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் படிப்பில் கடைசியில் இரண்டு வழி பிரியுமாம். ஒன்று கம்பெனிக்குப் போகிறது. இன்னொன்று ஊருக்குள்ளே, ஆஸ்பத்திரிக்குள்ளே, பிள்ளைகளிடம் போகிறது. அவள் தோழி ரேவதி முதல் வழியில் போனாள். இப்போது சிப்காட்டில் ஏசி ரூமில் இருக்கிறாள். இருபத்தெட்டாயிரம். வாசலுக்கு பஸ் வருகிறது. மேகலாவுக்கும் அங்கேயே வேலை சொல்லி வைத்திருந்தாள்.

மேகலா இரண்டாவது வழி. ஒரு தொண்டு நிறுவனம். பன்னிரண்டாயிரம். அதுவும் சில மாதம் வராது. கேட்டால் ப்ராஜக்ட் பணம் இன்னும் வரவில்லை என்பார்கள். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. ஒரே ஃபீஸ். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

மல்லிகாவின் தம்பி ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. அவன் மேகலாவை விட அதிகம் வாங்குகிறான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் வம்பு.

“இன்னா மேகலா, ஒனக்கு ரெண்டு டிகிரி. எனக்கு ஒரு விசில். பாத்தியா?”

“விசிலுக்கு லோன் இல்ல மாமா. அதான் நீ நல்லா கீற.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். மல்லிகா சிரிக்கமாட்டாள். எழுந்து உள்ளே போய்விடுவாள்.

சிவப்புத் தூசி

ஒன்று சொல்ல வேண்டும். அவள் வேலையை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

பெரியபாளையத்துக்கு அப்பால் ஒரு எருது பார்க்கப் போனேன். வழியில் சூளை. ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கல் அறுக்கிறவர்கள். தரை, தகரக் கொட்டகை, காயப் போட்ட துணி, எல்லாம் சிவப்பு. பிள்ளைகளின் புருவம்கூட.

மேகலாவின் குரல் கேட்டது. வண்டியை ஓரம் கட்டினேன்.

மேஸ்திரி ஒருவன் இடுப்பில் கை வைத்து நின்றான். ஆள் என்னைப் போல் இரண்டு மடங்கு. “யம்மா, சும்மா பேஜாரு பண்ணாத. கல்லு தூக்கறதுன்னா பசங்களுந்தான் தூக்கும். ஒனக்கு இன்னா குடுக்கிறான் மாசம்? நான் குடுக்கிறேன், ஊட்ல இரு.”

“எனக்கு எவ்ளோன்றது அப்பறம் பேசலாண்ணா. பத்து மணிக்கு ஸ்கூல் வேன் வருது. இந்தப் பசங்க ஏறிக்கினு போவும். அத்த இப்பப் பேசலாம்.”

“ஏறலன்னா?”

“நானும் இங்கயே ஒக்காந்துப்பேன். ஒனக்குத்தான் நாஷ்டா செலவு.”

சுற்றி நின்ற பெண்கள் அவள் தமிழ் புரியாமலே சிரித்தார்கள். மேஸ்திரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். வேன் வந்தது. பிள்ளைகள் முண்டியடித்து ஏறின. மேகலா அவர்கள் மொழியில் என்னவோ கத்தினாள். எல்லாம் வரிசையில் நின்றன. என் மகளுக்கு அந்தப் பாஷை தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எருது சரியில்லை. வாங்காமல் திரும்பினேன். ஆனாலும் வழியெல்லாம் மனது நன்றாக இருந்தது.

அதற்காகப் பன்னிரண்டாயிரம் இருபத்தெட்டாயிரம் ஆகிவிடாது. அதனால்தான் கம்பெனி பக்கம் என்றேன்.

விரலின் மதிப்பு

எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவன் கையும் தரகன் கையும் துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்தால் விலை. ஒரு விரல் ஒன்று. இரண்டு விரல் இரண்டு. முழுக் கை ஐந்து. விரலின் நடுக்கணுவை அழுத்தினால் அரை. எல்லையைத் தாண்டி ஆந்திரா சந்தைக்குப் போனாலும் இதே விரல்தான். தெலுங்கு தெரிய வேண்டாம்.

இன்னொன்று. சொன்ன விலையை நாமே மாற்றக்கூடாது. எதிராளி பதில் சொல்லும் வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இதெல்லாம் மேகலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

ஆனால் ஒரு விரல் நூறா, ஆயிரமா, பத்தாயிரமா? அதை யாரும் சொல்வதில்லை. மாட்டைப் பார்த்தால் தெரியும். இப்போதைய விலைக்கு ஒரு விரல் பத்தாயிரம். எங்கள் வீட்டில் பல வருஷமாக அதே பேச்சு.

இது நான் யோசிக்க மறந்த இடம்.

எங்கள் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஜட்ஜ் அம்மா. கண்ணாடி, வெள்ளைப் புடவை. ஓரத்தில் பேங்க் மேனேஜர், தெற்கத்திக்காரர். சின்ன வயசு. கக்கத்தில் சட்டை நனைந்திருந்தது. காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

“மேடம், வட்டி முழுக்கத் தள்ளுபடி பண்ணிர்றோம். அசல் மூணு லட்சம் மட்டும் கட்டச் சொல்லுங்க.”

ஜட்ஜ் அம்மா மேகலாவைப் பார்த்தார். “உன்னால எவ்வளவும்மா முடியும்?”

சூளையில் மேஸ்திரியை நிறுத்திய பெண் இங்கே துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். பிறத்தியாருக்குப் பேசுகிற வாய் தனக்கென்றால் திறக்கவில்லை. திறந்தபோது உதடு “ரெ” என்று விரிந்தது.

இரண்டு லட்சம் என்று சொல்லப் போகிறாள். வைத்திருக்கிற மொத்தத்தையும் முதல் பேச்சிலேயே வைக்கப் போகிறாள். எந்தத் தரகன் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்?

தோளில் கிடந்த துண்டு எப்போது இறங்கியதோ தெரியாது. அவள் கை என் கைக்குள் இருந்தது. ஒரு விரலைப் பிடித்தேன். அடுத்த விரலின் நடுக்கணுவை அழுத்தினேன். ஒன்றரை. ஒன்றரை லட்சத்தில் ஆரம்பி என்று அர்த்தம்.

மேகலா என்னைப் பார்த்தாள். கண் விரிந்தது. திரும்பி நிமிர்ந்தாள்.

“பதினஞ்சாயிரம் மேடம்.”

பந்தல் சிரித்தது

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். “அப்படிப் போடு பாப்பா!” என்றது ஒரு குரல். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“பதினஞ்சாயிரமா?”

எனக்குப் புரிந்துவிட்டது. மாட்டு விரலில் படித்துவிட்டாள்.

அவளுக்கும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துவிட்டது. காது மடல் சிவந்தது. ஆனால் மாற்றவில்லை. என் பெண்தானே. வாயை மூடிக்கொண்டு நின்றாள். நானும் மூடிக்கொண்டேன்.

ஜட்ஜ் அம்மாவுக்குக் கோபம் வந்தது. “என்னம்மா, விளையாட்டா இருக்கா? என்ன வேலை பார்க்கிற?”

“சோசியல் ஒர்க்கர் மேடம். சூளைப் பசங்களோட.”

“என்ன சம்பளம்?”

“பன்னண்டு.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “பதினஞ்சாயிரம்ன்றது என் மாசச் சம்பளத்தவிட மூணாயிரம் ஜாஸ்தி மேடம்.”

சிரிப்பு நின்றது.

மேனேஜர் குனிந்து கோப்பைப் பார்த்தார். “எம்.எஸ்.டபிள்யூ.ன்னு போட்டிருக்கே?”

“ஆமா சார். எம்.எஸ்.டபிள்யூ. படிச்சாதான் இந்த வேல குடுப்பாங்க. படிக்க மூணு லட்சம் ஆவும்னு நீங்களே ஒத்துக்கினுதான் லோன் குடுத்தீங்க. படிச்சா பன்னண்டுதான் வரும்னு ஒங்களுக்கும் தெரியல, எங்களுக்கும் தெரியல. ரெண்டு பேரும் ஏமாந்துட்டோம் சார். நஷ்டத்த ரெண்டு பேரும் பிரிச்சுக்கலாமா?”

அந்தக் குரல் வந்துவிட்டது. சூளையில் கேட்ட அதே குரல். தப்பாகப் படித்த விரல்தான் அதைத் திறந்துவிட்டது. பின்னால் யாரோ கை தட்டினார்கள். ஜட்ஜ் அம்மா பேனாவால் மேசையைத் தட்டினார். ஆனால் உதட்டோரம் கொஞ்சம் இளகியிருந்தது.

“கேட்டீங்களா மேனேஜர்? பிரிச்சுக்கலாங்கிறாங்க.”

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். திரும்பி வந்து, “ரெண்டு அறுபது” என்றார்.

துண்டுக்குள் ஒரு விரல் பிடித்தேன். இப்போது மதிப்பில் சந்தேகம் இல்லை. “ஒரு லட்சம்” என்றாள்.

“ரெண்டு முப்பது.”

ஒரு விரல், ஒரு நடுக்கணு. “ஒண்ணரை.”

எனக்கு ஒரு வேகம் வந்தது. நல்ல ஜோடி எருதுக்கு நாலு பேர் போட்டி போடும்போது வருமே, அது. கால் கட்டை விரல் செருப்புக்குள் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கம்பெனி எல்லாம் மறந்துவிட்டது.

மேனேஜர் மறுபடி போன் பேசினார். இந்தத் தடவை ரொம்ப நேரம். வந்து போனைக் கவிழ்த்து வைத்தார்.

“ரெண்டு பத்து மேடம். இதுக்குக் கீழ என் கையில இல்ல. ரீஜனல் ஆபீஸே பேசிட்டாங்க.”

மேகலா என்னைப் பார்க்கவில்லை. விரலுக்கும் காத்திருக்கவில்லை. “ரெண்டு” என்றாள்.

“ரெண்டு பத்தும்மா.”

“ரெண்டுதான் சார் கீது. சீட்டு, செயினு, எல்லாம் சேர்த்து ரெண்டு.”

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். ஜட்ஜ் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மேகலாவின் கை இன்னும் என் கைக்குள் இருந்தது. மெதுவாக உருவிக்கொண்டாள்.

“சரி மேடம். ரெண்டு பத்தே போட்டுக்குங்க. நான் திங்கக்கெழம வேற வேலைல சேந்துடறேன். கட்டிடுவேன்.”

தரகு

நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நான் கேட்டது நடந்துவிடும். இருபத்தெட்டாயிரம். வாசலில் பஸ். மல்லிகா அவளுக்குப் புது டிபன் பாக்ஸ்கூட வாங்கி வைத்திருந்தாள்.

உட்கார முடியவில்லை.

சந்தையில் இப்படி ஒரு இடம் வரும். விற்கிறவன் இறங்கமாட்டான். வாங்குகிறவன் ஏறமாட்டான். நடுவில் கொஞ்சம்தான் பள்ளம். அப்போது தரகன் தன் தரகை விட்டுக்கொடுத்து அதை மூடுவான். அன்றைக்கு அவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனால் வியாபாரம் முறிந்தது என்ற பேர் வராது. நானும் பல தடவை விட்டிருக்கிறேன்.

எழுந்தேன். மேசையைச் சுற்றிப் போனேன். மேனேஜர் கைமேல் துண்டைப் போட்டு ஒரு விரலைப் பிடித்தேன்.

அவர் நாற்காலியோடு பின்னால் போனார். “அய்யா! என்ன பண்றீங்க?”

கையை இழுத்தார். தரகன் பிடித்த கை அவ்வளவு சுலபத்தில் வராது.

“பெரியவரே!” என்றார் ஜட்ஜ் அம்மா. “கையை விடுங்க. யார் நீங்க?”

“அவ நைனா. மாட்டுத் தரகன்.”

“இங்க ரகசியமெல்லாம் கிடையாது. எதுவா இருந்தாலும் வாயால சொல்லுங்க.”

பந்தலே பார்த்தது. மேகலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

டிராயர் பாக்கெட்டில் கை விட்டேன். மறுநாள் ஒரு எருமைக்கு அட்வான்ஸ் கொடுக்க வைத்திருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“பத்து என்னுது. ரெண்டு அவளுது. தரகுல போவட்டும். முடிங்க.”

மேனேஜர் பணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார். ஜட்ஜ் அம்மா குனிந்து எழுத ஆரம்பித்தார்.

மேகலா கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். முன்பு கடன் வாங்கப் போட்டதை விட இது நன்றாக வந்தது.

வெளியே வரும்போது மேனேஜர் பின்னாலேயே வந்தார்.

“அய்யா, அந்தப் பதினஞ்சாயிரம் என்ன கணக்கு?”

“மாட்டுக் கணக்கு.”

அவர் நின்ற இடத்திலேயே சிரித்தார். அடுத்த கோப்புக்குக் கூப்பிட்டார்கள். ஓடினார்.

ஜன்னல் ஓரம்

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் மேகலா. பெரியபாளையம் தாண்டும் வரை சிரித்துக்கொண்டே வந்தாள். நடுவில் கொஞ்சம் அழுதாள். பிறகு மறுபடி சிரித்தாள். வேர்க்கடலை வாங்கினோம். சூடு. தோலை ஊதி ஊதி என் வேட்டியெல்லாம் பறக்கவிட்டாள்.

மல்லிகா போன் செய்தாள்.

“கம்பெனிதானே?”

“இல்ல.”

“பின்ன?”

“சூளைதான்.”

“நீ பக்கத்துலதானே ஒக்காந்துகினு இருந்த? இன்னா பண்ண?”

“தரகு வுட்டேன்.”

“எவ்ளோ?”

“பத்து.”

போன் கட்டாகிவிட்டது. இரவுச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

மேகலா ரேவதிக்குப் போன் போட்டாள். வரவில்லை என்று சொல்லுவாள், அவள் திட்டுவாள், முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. பேச்சு நீண்டது. மேகலா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எத்தினி பேருடி? கேட்டுக்கு வெளியவா? வெயில்லயா? யாரு பாத்துக்கிறாங்க? சரி. திங்கக்கெழம வரேன். இல்லடி, சேர இல்ல. சும்மா பாக்க. நீ உள்ள மட்டும் வுடு.”

போனைப் பையில் போட்டாள். என் பக்கம் திரும்பினாள். கண் பளபளத்தது.

“நைனா, அந்தக் கம்பெனில காண்ட்ராக்ட்ல ஒடிசா பொம்பளைங்க வேல செய்றாங்களாம். கொழந்தைங்கள கேட்டுக்கு வெளிய மரத்தடில வுட்டுட்டு உள்ள போறாங்களாம். ரேவதிக்குப் பாத்துக்கினே இருக்க முடியலயாம். இன்னா செய்றதுன்னும் தெரியலயாம்.”

“ஒனக்குத் தெரியுமா?”

“போய்ப் பாத்தாதான் தெரியும்.”

“டப்பு குடுப்பானா?”

“எவன் குடுப்பான்?” கடலைத் தோலை ஊதினாள். “நீ என்னிய அங்க எறக்கி வுடுவியா?”

வேண்டாம் என்று சொல்லிவிட்ட கம்பெனி. சம்பளமில்லாத வேலை. வெயில் வேறு. சொல்ல நிறைய இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கின்மேல் கடலைத் தோல் ஒட்டியிருந்தது.

“பெட்ரோல் போட்டு வைக்கிறேன்” என்றேன்.